மேட்டில் வண்டியைப் பிடிப்பது யார்? – வாகன வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுசா வாங்கின காரில் கியருக்குப் பக்கத்தில் ‘ஆட்டோ ஹோல்டு’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. வண்டி மேனுவல் கியர். ஷோரூமில், “இதை அழுத்திட்டா பிரேக்ல கால் வைக்கவே வேண்டாம், எல்லாம் அதுவே பாத்துக்கும்” என்றார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் ஏறும்போது ட்ராஃபிக்கில் இரண்டு தடவை இஞ்சின் ஆஃப் ஆகிவிட்டது. ஒரு தடவை வண்டி பின்னாலும் உருண்டது. பட்டன் கோளாறா, என் கால் கோளாறா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: பட்டன் சரியாகத்தான் இருக்க வேண்டும். ‘எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்ற பேச்சு ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்குப் பொருந்தும். மேனுவலில் பாதி வேலை உங்கள் இடது காலிடமே இருக்கிறது.

முதலில் அது எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். பிரேக்கை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் நேரே சக்கரத்துக்குப் போவதில்லை. நடுவில் பானட்டுக்குள் ஓர் அலுமினியக் கட்டி இருக்கிறது. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.சி. இரண்டுக்கும் அதுதான் வீடு. அதற்குள் சின்னச் சின்ன மின்காந்த வால்வுகளும் ஒரு மோட்டார் பம்பும் உண்டு. வண்டி முழுதாக நின்று, நீங்கள் அழுத்தமாக மிதித்ததும், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திரும்பும் வழியை ஒரு வால்வு மூடிக்கொள்கிறது. நீங்கள் காலை எடுத்தாலும் சக்கரப் பக்கத்தில் இருக்கும் ஆயில் அழுத்தம் வெளியேற முடியாது. அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலோ வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தாலோ பம்பு ஓடி ஈடுகட்டும். நிற்கும்போது எப்போதாவது கேட்கும் ‘கிர்ர்’ சத்தம் அதுதான், பயப்பட வேண்டாம்.

விடுவதுதான் கஷ்டமான பகுதி. ஆட்டோமேட்டிக்கில் ஆக்சிலரேட்டரைத் தொட்டால் இழுவிசை சக்கரத்துக்கு வந்துவிடும், கம்ப்யூட்டர் தயங்காமல் பிரேக்கை விடலாம். மேனுவலில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் கிளட்ச் அழுத்தியிருந்தால் சக்கரத்துக்கு எதுவும் வராது. அந்த நேரம் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் போகும். ஆகவே அது பல தகவல்களைச் சேர்த்துப் பார்க்கிறது: கிளட்ச் பெடல் எங்கே இருக்கிறது, இஞ்சின் எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) தருகிறது, சாலை எவ்வளவு சரிவு, ரிவர்ஸில் இருக்கிறதா இல்லையா. சரிவைச் சொல்வது வண்டிக்குள் இருக்கும் ஒரு ஜி-சென்சார். இஞ்சினின் இழுப்பு, சரிவு கேட்கும் இழுப்பைத் தாண்டிவிட்டது என்று கணக்கு வந்த பிறகுதான் வால்வு திறக்கும்.

அந்தக் கணக்கு எவ்வளவு? ஆளோடு சேர்த்து 1,500 கிலோ வண்டி, 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவு என்று வையுங்கள். வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். டயரின் ஆரம் 30 செ.மீ., முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து 14.5 மடங்கு என்றால், இஞ்சினிடமிருந்து சுமார் 30 நியூட்டன் மீட்டர் டார்க் தேவை. ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல்) ஓடும் சிறிய பெட்ரோல் இஞ்சினுக்கு அது லேசான சுமை இல்லை.

இப்போது உங்கள் இஞ்சின் ஏன் ஆஃப் ஆனது என்பது புரியும். சமதளத்தில் நம்மில் பலர் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெதுவாக விட்டே வண்டியை நகர்த்துவோம். ஆட்டோ ஹோல்டு பிடித்திருக்கும்போது அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். பிரேக் இன்னும் பிடித்திருக்கிறது, கிளட்ச் கவ்வுகிறது, இஞ்சினுக்கோ பெட்ரோல் ஐடில் அளவுக்குத்தான். இஞ்சின் இருமி இருமி நின்றுவிடும்.

செய்ய வேண்டியது இது. முதல் கியர் போட்டுக்கொண்டு ஆக்சிலரேட்டரை 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம். வரை பிடியுங்கள். கிளட்சை விட்டுக்கொண்டே வந்தால், கவ்வும் இடத்தில் வண்டியின் மூக்கு லேசாக உயரும், இஞ்சின் சத்தமும் கொஞ்சம் கனக்கும். அங்கே அரை விநாடி நிறுத்துங்கள். பிரேக் தானே விடும், டேஷ்போர்டில் ‘பிடித்திருக்கிறேன்’ என்று காட்டும் பச்சை விளக்கும் மாறும். பிறகு மிச்சத்தை விடலாம். ஒரு வெறிச்சோடிய ஞாயிறு காலையில் மேடான இடத்தில் பத்து தடவை பழகினால் போதும், இடது காலுக்கு அந்த இடம் பதிந்துவிடும்.

பின்னால் உருண்டது வேறு விஷயம். பட்டனை அழுத்தியதும் வரும் வெள்ளை விளக்குக்கு ‘தயார்’ என்று மட்டும்தான் அர்த்தம். பச்சையாக மாறினால்தான் ‘பிடித்திருக்கிறேன்’. (விளக்கின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், கையேட்டில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.) பிரேக்கை மெல்லத் தொட்டு நிறுத்தியிருந்தால் அது பிடித்திருக்காது. மேட்டில் நின்றதும் இன்னும் ஒரு அழுத்து அழுத்தி, பச்சை வந்ததைப் பார்த்த பிறகு காலை எடுங்கள்.

கேள்வி: என் வண்டியில் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக்தான். ‘ஹில் அசிஸ்ட்’ இருக்கிறது என்றார்கள். மேட்டில் பிரேக்கை விட்டால் இரண்டு விநாடிதான் நிற்கிறது, அப்புறம் நழுவுகிறது. இது ரிப்பேரா? வெளியே எங்காவது ஆட்டோ ஹோல்டு மாட்டிக்கொள்ளலாமா?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ரிப்பேர் இல்லை, அதன் ஆயுளே அவ்வளவுதான். ஹில் அசிஸ்டும் மேலே சொன்ன அதே வால்வைத்தான் மூடுகிறது. பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் கால் மாறுவதற்காக இரண்டு, மூன்று விநாடி தருகிறது, பிறகு தானே விட்டுவிடும். லேசான சரிவில் அது விழிப்பதே இல்லை.

ஏன் கூடுதல் நேரம் தருவதில்லை என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. வால்வை மூடி வைத்திருப்பது மின்சாரம். கரண்ட் போனால் வால்வு திறந்துகொள்ளும், தொடர்ந்து கரண்ட் ஓடினால் வால்வின் கம்பிச்சுருள் சூடேறும். அதனால் ஆயில் அழுத்தத்தை நம்பி வண்டியை நெடுநேரம் விட்டுவைக்க முடியாது. வேறொருவரிடம் கைமாற்ற வேண்டும். அந்த வேறொருவர்தான் பட்டன் ஹேண்ட் பிரேக். பின் சக்கர காலிப்பரில் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பகுதி) ஒரு சின்ன மோட்டார் திருகைச் சுற்றி பேடை இறுக்கும். இறுகிய திருகு கரண்ட் இல்லாமலே நிற்கும். ஆட்டோ ஹோல்டு உள்ள வண்டி சில நிமிடங்கள் (பல மாடல்களில் 10 நிமிடம் வரை) ஆயிலால் பிடித்துவிட்டு, பிறகு இந்த மோட்டாரிடம் ஒப்படைக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தாலோ சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ உடனே ஒப்படைக்கும் வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டியில் ஒப்படைக்க ஆளில்லை. நீங்கள் கையால் இழுக்கும் லீவரை அந்தக் கம்ப்யூட்டரால் இழுக்க முடியாது.

வெளியே மாட்டுவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பிரேக் லைனை வெட்டி நடுவில் ஒரு சோலனாய்டு (மின்காந்த) வால்வைப் பொருத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். அது ஓட்டத்தின் நடுவில் மூடிக்கொண்டால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், மேனுவல் வண்டிக்காகத்தான் இந்த வசதி முதலில் பிறந்தது. 1936-லேயே அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கம்பெனி ‘ஹில் ஹோல்டர்’ என்று ஒன்றைத் தந்தது. பிறகு ஜப்பானின் சுபாரு, மேனுவல் கார்களில் அதைப் பல வருடம் போட்டு வந்தது. அதில் கம்ப்யூட்டர் கிடையாது. வால்வுக்குள் ஒரு குண்டு. வண்டி மேடு பார்த்து நின்றால் குண்டு உருண்டு ஆயிலின் வழியை அடைக்கும், கிளட்ச் கேபிள் அதை அப்படியே பிடித்திருக்கும். கிளட்சை விடும்போது கேபிள் வழியைத் திறந்துவிடும். கேபிளின் நட்டை அரைச் சுற்று முன்பின் திருகித்தான் ‘கவ்வும் இடத்தில் விடு’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்றைய சென்சார்கள் செய்வதும் சாரத்தில் அதே வேலை.

உங்களுக்கு வழி பழைய வழிதான். மேட்டில் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கிளட்ச் கவ்வி மூக்கு உயர்ந்ததும் லீவரை இறக்குங்கள். பத்துக்கு ஒன்று சரிவில் பிடியில்லாத வண்டி முதல் விநாடியில் அரை மீட்டரும், இரண்டு விநாடிக்குள் ஏறக்குறைய 2 மீட்டரும் பின்னால் போகும். பின்னால் நிற்கும் பைக்காரருக்கு அந்த 2 மீட்டர் ரொம்பப் பெரியது.

கேள்வி: குற்றாலம் சீசனில் கார் நகர்ந்து நகர்ந்துதான் போகிறது. மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே நிறுத்தி வைப்பது எனக்கு நன்றாக வருகிறது. கூட வந்தவர் திட்டுகிறார். தப்பா?
– தென்காசி வாசகர்

பதில்: கூட வந்தவர் சொல்வதே சரி. கை தேர்ந்தவர் செய்வது போலத் தெரியும், பில் வரும்போது வலிக்கும்.

முன்பு சொன்ன 30 நியூட்டன் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நகரவில்லை, இஞ்சின் 850 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிறது. அந்தச் சக்தி முழுவதும் கிளட்ச் பிளேட்டில் சூடாகத்தான் போக முடியும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2.7 கிலோவாட். வீட்டு இன்டக்‌ஷன் ஸ்டவ் ஒன்று முழு வேகத்தில் தருவதைவிட அதிகம். ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து 10 கிலோ இரும்பு என்று வைத்தால், ஒரு நிமிடத்தில் மொத்த இரும்பும் 35 டிகிரி சூடேறும். உரசும் மேல்பரப்பு அதைவிடப் பல மடங்கு. ஐந்து நிமிடம் அப்படியே போனால் கருகிய வாடை வரும். அது வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் கால் மணி நேரம் ஆற விடுங்கள். பிளேட் பளபளவென்று மெருகேறிவிட்டால் அப்புறம் மேட்டில் ஆர்.பி.எம். ஏறும், வண்டி ஏறாது.

ஆட்டோ ஹோல்டு இருந்தால் இந்த இடத்தில்தான் அதன் அருமை தெரியும். பச்சை வந்ததும் நியூட்ரலுக்குப் போய் இரண்டு காலையும் எடுத்துவிடுங்கள். கிளட்சை அழுத்தியபடியே காத்திருப்பதும் நல்லதல்ல. கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் சும்மா சுற்றித் தேயும். பத்து விநாடிக்கு மேல் நிற்கிறோம் என்று தெரிந்தால் நியூட்ரல்.

கேள்வி: குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஆட்டோ ஹோல்டு போதுமா, ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டுமா?
– மேலப்பாளையம் வாசகர்

பதில்: கேட் மூடிவிட்டால் பட்டன் ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிடுங்கள். பிரேக் விளக்கும் அணையும், இரவில் பின்னால் நிற்பவர் கண் கூசாது. காரைவிட்டு இறங்குவதாக இருந்தால் ஆட்டோ ஹோல்டை எந்த நிலையிலும் நம்பக் கூடாது. டீ குடிக்க ஒரு நிமிடம்தான் என்றாலும் சரி.

கேள்வி: என் காரில் ஆட்டோ ஹோல்டு சில நாள் வருகிறது, சில நாள் பட்டனை அழுத்தினாலும் விளக்கே எரிவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஈ.எஸ்.சி. கட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அப்பா, “சும்மா சொல்றாங்க, பொறு” என்கிறார்.
– வள்ளியூர் வாசகி

பதில்: அப்பா சொல்வதைக் கேளுங்கள். கட்டி கெட்டுப்போவது அபூர்வம். கெட்டிருந்தால் பெரும்பாலும் ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.சி. விளக்குகளும் சேர்ந்து எரியும். காசில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள்.

சீட் பெல்ட்டைப் போட்டுக் கதவை மூடியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் இவை இல்லாமல் ஆட்டோ ஹோல்டு வராது. பெல்ட் பக்கிளுக்குள் சில்லறை, முறுக்குத் தூள் விழுந்து சுவிட்ச் வேலை செய்யாத கேஸ் நிறைய. டேஷ்போர்டில் பெல்ட் விளக்கோ கதவு விளக்கோ தவறாக எரிகிறதா என்று கவனித்தாலே தெரிந்துவிடும். சில மாடல்களில் பானட், டிக்கியின் சுவிட்சும் இதில் சேரும்.

அடுத்து இரவில் சுவரைப் பார்த்துப் பின்பக்கமாக நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு உடனே, ஒவ்வொரு தடவையும் எரிய வேண்டும். பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் தேய்ந்திருந்தால் நீங்கள் மிதிப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விலை குறைந்த பாகம், மாற்றவும் நேரமாகாது.

பிறகு பேட்டரி. இஞ்சின் ஆஃப் ஆகி இரண்டு மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. வோல்ட் குறைந்தால் கம்ப்யூட்டர் முதலில் கைவிடுவது இந்த மாதிரி வசதிகளைத்தான். ‘சில நாள் வருகிறது’ என்று நீங்கள் சொல்வது இதற்கும் பொருந்துகிறது, குறிப்பாகக் காலையில் வராமல் மதியம் வருகிறதென்றால்.

மேனுவலுக்கென்றே இன்னொன்று: கிளட்ச் பெடல் சென்சார். சமீபத்தில் கிளட்ச் வேலை பார்த்தீர்களா? தடித்த ரப்பர் மேட் போட்டிருக்கிறீர்களா? பெடல் முழுதாகக் கீழே போகாவிட்டாலோ, மேலே முழுதாக வராவிட்டாலோ சென்சார் தப்பான கதை சொல்லும். ரிவர்ஸில் மேடேறும்போது மட்டும் பிடிக்கவில்லை என்றால் ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸில் இருக்கும் அந்த ஒரே சுவிட்சுதான் பல வண்டிகளில் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் சொல்கிறது.

இத்தனைக்கும் பிறகு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர். அது காட்டும் கோளாறு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் சென்சாரோ ஜி-சென்சாரோ ‘ஜீரோ’ தவறியிருந்தால் சமதளத்தில் நிறுத்தி ஸ்கேனரிலேயே திரும்ப அமைக்கலாம். வீல் அலைன்மென்ட் செய்த மறுநாளிலிருந்து பிரச்சினை என்றால் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தரை உண்மையிலேயே மட்டமாக இருக்க வேண்டும். சாய்ந்த தரையில் ஜீரோ வைத்தால் சமரோட்டில் பிடித்துக்கொண்டு மேட்டில் கைவிடும்.

கேள்வி: வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது ஆட்டோ ஹோல்டை என்ன செய்வது?
– டவுன் வாசகர்

பதில்: ஆஃப் செய்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். தள்ளிக்கொண்டு போக வேண்டிய இடம், கயிறு கட்டி இழுக்கும் நேரம், இடுக்கில் அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் இதே பதில்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் பின் சக்கரம் முழுக்க மூழ்கிய கார். அப்போது சுத்தம் செய்து ஓட்டினோம். இப்போது பட்டன் பிரேக் போட்டால் இடது பக்கம் மட்டும் இழுத்து இழுத்து ‘கர்ர்’ என்கிறது, ஆட்டோ ஹோல்டும் மஞ்சள் விளக்கு காட்டுகிறது. பின் பேட் மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக்கிடமே மாற்றலாமா?
– ஸ்ரீவைகுண்டம் வாசகர்

பதில்: மாற்றலாம், அவரிடம் உங்கள் வண்டிக்கு ஏற்ற ஸ்கேனர் இருந்தால்.

சாதாரணக் காலிப்பரில் பேட் மாற்ற பிஸ்டனை ‘சி’ கிளாம்பு வைத்து உள்ளே அழுத்துவார்கள். மோட்டார் உள்ள காலிப்பரில் பிஸ்டனுக்குப் பின்னால் திருகும் நட்டும் இருக்கின்றன. நட்டு முன்னால் நிற்கும்போது கிளாம்பால் அழுத்தினால் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும், அல்லது திருகின் மரை போகும். காலிப்பரையே மாற்றும் செலவு. முதலில் ஸ்கேனரில் ‘சர்வீஸ் மோடு’க்குப் போய் மோட்டாரைப் பின்னால் எடுக்க வேண்டும். (சில மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் பட்டனும் பெடலும் சேர்த்து அழுத்தும் முறை உண்டு, கையேட்டில் இருக்கும்.) அதன் பிறகுதான் பிஸ்டனை உள்ளே அழுத்த வேண்டும். புது பேட் போட்டதும் சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்து, பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, பட்டனை மூன்று தடவை போட்டு எடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது யாரும் பட்டனைத் தொடக் கூடாது, விரல் போய்விடும்.

ஆனால் உங்கள் கோளாறு பேட் மட்டும் என்று தோன்றவில்லை. ஒரு பக்கம் மட்டும் சத்தம் என்றால் அந்தப் பக்க மோட்டார் கஷ்டப்பட்டுச் சுற்றுகிறது. கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அதன் உலோக முனைகளில் பச்சைப் பாசி போலப் பிடித்திருந்தால் அதுவே காரணம் ஆகலாம். அடுத்து காலிப்பரின் ஸ்லைடு பின்கள். தாமிரபரணி வண்டல் ரப்பர் உறைக்குள் போய் உட்கார்ந்தால் ஸ்லைடு பின் துருவேறி ஒட்டிக்கொள்ளும், பேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும். பழைய பேடைக் கழற்றி உள்ளும் வெளியும் கனம் ஒப்பிட்டால் தெரியும். ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும், வீல் பேரிங் கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பிரேக் ஆயிலை வெள்ளத்துக்குப் பிறகு மாற்றவில்லை என்றால் அதையும் இதோடு மாற்றிவிடுங்கள். ஏ.பி.எஸ். வால்வுகளுக்குள் துரு போனால்தான் அந்த விலை உயர்ந்த கட்டியைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

கேள்வி: மாஞ்சோலையிலிருந்து இறங்கும்போது ஆட்டோ ஹோல்டு உதவுமா?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: உதவாது. அது நின்ற வண்டிக்கு மட்டும். இறக்கத்தில் இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியர், இஞ்சினே பிடிக்கட்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், ஒரேயடியாக மிதித்தபடி வராதீர்கள். டாட் 3 ரகப் புது பிரேக் ஆயில் கொதிக்கும் அளவு குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230. ஈரம் குடித்துப் பழசானால் முறையே 140, 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் லைனில் ஆவிக்குமிழ் சேர்ந்து பெடல் பஞ்சு போலக் கீழே போகும். ஆட்டோ ஹோல்டும் அதே ஆயிலைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. வழியில் வண்டி நிறுத்தி இறங்கினால் ஹேண்ட் பிரேக், மேடு பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், முன் சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி வைப்பது, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டு நடுவே விட்டுவிட்டு வராதீர்கள்.